பனி வெள்ளை

கார்த்திகை முழுக்க மழை.
சுவர் குடித்தது.
மார்கழி பிறந்து நாலு நாளாயிற்று,
இன்னும் ஏப்பம் விடுகிறது.

பொலித்தீன் துண்டொன்றை வெட்டி
நாலு ஓரமும் ரேப் ஒட்டிவிட்டுப் போய்
விடியவந்து பார்த்தேன்:
உட்பக்கம் முழுக்கத் துளி,
காய்ச்சல் விட்டவனின் முதுகுபோல.

படம் பிடித்து வின்னிப்பெக்குக்கு அனுப்பினேன்.
அசும்தா அக்காவின் குரல் வந்தது.
"நத்தாருக்கு முதல் முடியாதோ தம்பி?
இருபத்திரண்டாம் திகதி மகள் வந்து இறங்கிறாள்.
இந்த வீட்டை இப்பதான் முதல் பார்க்கப்போறாள்."

முடியும் என்றால் பொய்.
முடியாது என்றால்,
அவ அனுப்பிய முற்பணம்
ஏற்கெனவே ஏணியாகி
முற்றத்தில் சாய்ந்து நிற்கிறது.

இளவாலையில் இந்த மாதம்
ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு குணம்.
கிழக்கு, மேகம் விட்டால்
பத்து மணிக்குச் சிரிக்கும்.
வடக்கை நம்பக்கூடாது,
கடல்பக்கத்துக் காற்று முழுக்க அதன் முகத்தில்.
தை பிறந்தால் வழி பிறக்குமோ தெரியாது,
வடக்குச் சுவர் காயும்.

நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு உவர் பூத்திருந்தது.
டெனிஸ்ரன் விரலில் தொட்டு நாக்கில் வைத்து
"உப்புத்தான்" என்றான்,
யாரோ சீனி என்று வாதாடியதுபோல.

சுரண்டினோம்.
நீலம் போய் ரோசா வந்தது,
ரோசா உதிரப் பாசிப்பயற்று நிறம்.
அந்தப் பாசிப்பயற்றில் ஒரு பிரஷ் மயிர்
அப்படியே ஒட்டிக்கிடந்தது.
மலிந்த பிரஷ், அவசரக் கை.
அவனுக்கும் யாரோ
ஒரு இருபத்திரண்டாம் திகதி சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் ஒரு அறை என்று முடிவு,
அவள் படுக்கப்போகும் அறை.
ஐந்நூறு வாற்ஸ் விளக்கு இரண்டைச்
சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.
டெனிஸ்ரன் சாக்கை விரித்து உறங்கிவிட்டான்.
நான் சுவருக்குக் காவல்.

இரவு ஒரு மணிக்கு வீடியோவில் அக்கா.
அங்கே மத்தியானம் என்றா,
யன்னலைப் பார்த்தால் சொல்லேலாது.
அவவும் குளியலறைக்குப் பெயின்ற் அடிக்கிறாவாம்.
சுவர் எலும்புபோலக் காய்ந்துதான் கிடக்கு,
வாளிதான் கராஜில் உறைந்துபோச்சு,
உருக வைத்துக் கலக்கினால்
திரைந்த பால்மாதிரிக் கட்டிகட்டியாய் வருது.
இன்னொரு வாளி வாங்கி அடித்தால்
யன்னல் திறக்கேலாது,
இரண்டு நாளாய்த் தலையிடி.

"என்ன நிறம் வாங்கினனி?"
தகரத்தைத் திருப்பிக் காட்டினேன்.
பனி வெள்ளை.
அக்கா சிரித்த சிரிப்பில் படம் ஆடியது.
போனை யன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தா.
"இந்தா, இதுதான் பனி."
சாம்பல் நிறம். ஓரத்தில் கொஞ்சம் நீலம்.
றோட்டுப் பக்கம் புகையிலைச் சாறு.
நடுவில் யாருடையதோ நாய்
மஞ்சளாய் ஒரு குழி விட்டுப்போயிருந்தது.

எங்களிடமும் இருக்கு என்று
வாசலுக்குப் போய் நானும் போனை நீட்டினேன்.
அவவுக்கு இருட்டுத்தான் தெரிந்தது.
தலையைத் தடவி
ஈரக் கையை விளக்கில் காட்டினேன்.
"ஓம்," என்றா,
"அந்தப் பனி."
பிறகு கனநேரம் இரண்டு பேரும்
ஒன்றும் கதைக்கவில்லை.
வைக்கவுமில்லை.
போனை வாளியில் சாய்த்துவிட்டேன்,
சுவர் காய்வதை
அவவும் பார்த்துக்கொண்டிருந்தா.

இருபத்திரண்டு.
மகள் பெட்டியை வைத்துவிட்டு
நேரே போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.
"ஈரமா இருக்கே?"
"இல்லைப் பிள்ளை, குளிர்" என்றேன்.
ஈரமும் குளிரும் கைக்கு ஒன்றுபோலத்தான்,
எனக்கே சிலவேளை மாறிப்போகும்.
அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
வெள்ளை ஒட்டவில்லை.
அப்போதுதான் நான் மூச்சை விட்டேன்.

மிச்சக் காசு தை பத்துக்கு.
வடக்குச் சுவருக்கு அன்றைக்கு வருவதாய்ச் சொல்லி
ஏணியை அங்கேயே விட்டுவந்தேன்.